முதல் ஆப்பிரிக்க சஃபாரி: க்ரூகரா, செரெங்கெட்டியா, மசாய் மாராவா?

ஆப்பிரிக்கா போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டால் அடுத்து எல்லோரும் கேட்பது, எந்த நாடு என்பதைத்தான். என்னிடம் கேட்பவர்களிடம் நான் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எந்த மாதத்தில் லீவு கிடைக்கும்? அங்கே வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நாட்டைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை.

சிங்கம், யானை, எருமை, சிறுத்தை எல்லாம் க்ரூகர் (தென்னாப்பிரிக்கா), செரெங்கெட்டி (தான்சானியா), மசாய் மாரா (கென்யா) என்ற இந்த மூன்று இடங்களிலும் இருக்கின்றன. ஒரு விலங்கின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது கிளம்புவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் பெரிய வித்தியாசம். பணமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் ஏறி இறங்குகிறது. முதுமலையிலோ பந்திப்பூரிலோ வனத்துறை வேனில் போய் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். யானைக் கூட்டம் தெரிந்ததும் வேன் நிற்கும், எல்லோரும் போன் எடுப்பார்கள், வேன் நகர்ந்துவிடும். அரை மணி நேரம் அங்கேயே இருக்க விட்டால் கூட்டத்தில் யார் மூத்தவள், எந்தக் குட்டிக்கு இன்னும் தும்பிக்கை சொன்னபடி கேட்கவில்லை என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆப்பிரிக்காவுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்து போகும்போது அந்த அரை மணி நேரம் நம் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் மாதம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு நீண்ட பயணம் என்றால் கோடை விடுமுறைதான். ஏப்ரல் கடைசி, அல்லது மே. கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். கரிசல் மண் பாதைகள் சேறாகி வண்டிகள் புதையும். பல கூடார முகாம்களை அந்த மாதங்களில் மூடியே வைத்திருப்பார்கள். 'மே மாத ஆஃபர்' என்று ஏஜென்ட் காட்டும் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்த மழைதான். மழையிலும் சிங்கம் தெரியும், கூட்டமும் இருக்காது என்பது உண்மை. ஆனால் முதல் தடவை போகிறவர்களை, அதுவும் பிள்ளைகளோடு, அந்தச் சேற்றுக்குள் அனுப்ப எனக்கு மனம் வராது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் அதே மே மாதம் மழை ஓய்ந்து வறண்ட பருவம் தொடங்கியிருக்கும். பகலில் இதமான வெயில். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. புல் பழுப்பாகத் தொடங்கும், கொசுவும் குறையும். ஆகஸ்ட், செப்டம்பர் அளவுக்குக் காடு வெளுத்துக் கிடக்காதுதான். ஆனாலும் நம் பள்ளி லீவோடு இவ்வளவு பொருந்திப்போகும் பெரிய பூங்கா இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை குறுகியது. ஆனால் அப்போது மூன்று இடங்களுமே நன்றாக இருக்கும். க்ரூகரில் தண்ணீர் வற்றி, மிச்சமிருக்கும் குட்டைகளைச் சுற்றி விலங்குகள் கூடும். மாரா ஆற்றின் இரு கரையிலும் வில்டபீஸ்ட் (பார்க்க மாடு போலவே இருக்கும் பெரிய மான் இனம்) மந்தைகள் இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் க்ரூகர் பச்சைப் பசேலென்று, வெக்கையும் இடிமழையுமாக இருக்கும். இம்பாலா மான் குட்டிகளைக் கொள்ளை கொள்ளையாகப் பார்க்கலாம். சிறுத்தையைத் தேடுவதுதான் கஷ்டம்.

க்ரூகர்: சாவி நம் கையில்

1898-இல் சாபி காப்பகமாகத் தொடங்கி 1926-இல் தேசியப் பூங்காவான இடம் இது. ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, வடக்கு தெற்காக 350 கிலோமீட்டர் நீளம். இதற்குள் தார்ச்சாலைகள் ஓடுகின்றன. அதனால் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஒரு சாதாரண காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். ஐந்து, ஆறு மணி நேரப் பயணம். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுவதால் பழக வேண்டியது அதிகமில்லை. ஆங்கிலத்தில் விவரங்கள் உள்ள நம் லைசென்ஸ் அங்கே செல்லும் என்றாலும், கார் கம்பெனிக்காக சர்வதேச பெர்மிட்டையும் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம். விமானம் மாலையில் இறங்கினால் அன்றிரவு ஜோகன்னஸ்பர்க்கிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.

பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் உச்சவரம்பு. விலங்கு பார்க்க வேண்டுமென்றால் 25-க்கு மேல் போகக்கூடாது. தங்குவதற்கு அரசே நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. ஸ்குகுசா, லோயர் சாபி, சதாரா, ஒலிபன்ட்ஸ் ஆகியவை பெயர்பெற்றவை. சுற்றிலும் மின்வேலி, உள்ளே வட்ட வடிவக் குடிசைகள், பலவற்றில் ஃபிரிட்ஜும் அடுப்பும் உண்டு. அரிசி, பருப்பு, ஊறுகாய் கொண்டுபோனால் சாப்பாட்டுக் கவலையே கிடையாது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மதியம் தூங்கட்டும், நாம் மூன்று மணிக்குக் கிளம்பலாம். யாரையும் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை.

லோயர் சாபி முகாமின் வாசலைத் தாண்டியதுமே சன்செட் டேம் என்றொரு குளம் இருக்கிறது. காரைக் கரையோரம் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டால் போதும். தண்ணீருக்கு மேலே நீர்யானைகளின் முதுகுகள் மட்டும் தெரியும். அதில் ஒன்றின் மேல் சாம்பல் நாரை ஏறி நின்று, நீர்யானை நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டே மீன் பிடிக்கும். எதிர்க்கரையில் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடக்கும். கார்கள் வரும், படம் எடுக்கும், போய்விடும். கொஞ்சம் பொறுத்தால் இம்பாலாக்கள் தண்ணீர் குடிக்க வரும். முதல் மான் ஓரடி வைத்துப் பின்வாங்கும், மறுபடி வரும், கழுத்தை மட்டும் நீட்டும். கரையில் கிடந்த முதலைகளில் ஒன்று இப்போது அங்கே இல்லை என்பது நமக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். அன்று அந்த மான் தப்பினாலும் சரி, தப்பாவிட்டாலும் சரி, அடுத்த நாளிலிருந்து நாம் காட்டைப் பார்க்கும் விதமே மாறிவிடும். இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசையில் முறைத்துக்கொண்டு நின்றால் அங்கே காரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமலேயே தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. சாலையை விட்டு இறங்கக்கூடாது. அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரிலிருந்து கால் கீழே வைக்கக்கூடாது. சிங்கம் சாலையோரம் படுத்திருந்தால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். தார்ச்சாலையும் காருமாக இருப்பதால் 'இதுவா ஆப்பிரிக்கா' என்று முதல் நாள் சிலருக்குத் தோன்றலாம். ஓட்டுபவரின் கண் சாலையில் இருப்பதால் மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையை அவர் தவறவிடுவார். அதற்குத்தான் பூங்காவே நடத்தும் திறந்த வண்டிப் பயணங்கள் இருக்கின்றன. வாசல் மூடிய பிறகு நாம் தனியாக வெளியே போக முடியாது. அந்த வண்டியில் மட்டும் போகலாம். துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள் கூட வரும் காலை நடையும் உண்டு. இவற்றில் ஒன்றையாவது முன்பதிவு செய்யுங்கள்.

வாசல் நேரத்தில் மட்டும் விளையாடாதீர்கள். மே மாதத்தில் மாலை 5.30 மணிக்கு முகாம் வாசலை மூடிவிடுவார்கள். தாமதமானால் அபராதம் கட்ட வேண்டும். திரும்பும் வழியில் யானைக் கூட்டம் சாலையை மறித்து நின்றால் ஹாரன் அடித்து நகர்த்த முடியாது. காத்திருந்தே ஆக வேண்டும். அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

கையில் இன்னும் கொஞ்சம் பணமிருந்தால் கடைசி இரண்டு இரவுகளுக்குப் பூங்காவின் மேற்கு எல்லையில் உள்ள சாபி சாண்ட்ஸ் தனியார் காப்பகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் வேலி இல்லாததால் விலங்குகள் இரண்டு பக்கமும் நடமாடும். அங்கே வழிகாட்டியும், வண்டியின் முன்பக்க இருக்கையில் தடம் பார்ப்பவரும் இருப்பார்கள். புதருக்குள்ளேயே வண்டியை இறக்கிச் சிறுத்தையின் பின்னால் போவார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். சிறுத்தையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் வாழ்நாள் ஆசை என்றால் அந்தப் பணம் வீணில்லை.

செரெங்கெட்டி: எந்த மாதத்து மந்தை?

தான்சானியாவின் செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுவதும் சுற்றிச் சுற்றி வருகின்றன. டிவியில் நாம் பார்த்தது பெரும்பாலும் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி. ஜூலை முதல் அக்டோபர் வரை, வடக்கு முனையில் நடப்பது. அதனால் எல்லோரும் ஆகஸ்டையே கேட்கிறார்கள். நான் பிப்ரவரியைச் சொல்வேன்.

ஆற்றங்கரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் மந்தை கரைக்கு வரும், நிற்கும். முன்னால் இருப்பது இறங்கப் போகும், ஏதோ பயந்து திரும்பும், மந்தை மொத்தமும் திரும்பிவிடும். இப்படியே மணிக்கணக்காகும். கடைசியில் ஒன்று குதித்ததும், தள்ளி நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கரைக்குப் பாயும். மறுகரையில் ஏறிவரும் மாடுகளின் வழியை வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பதும் நடக்கிறது. உயிரைப் பணயம் வைத்து நீந்தி வந்த விலங்குக்குக் கரையேற இடம் இல்லாமல் செய்துவிட்டு அதைப் படம் எடுப்பதில் எனக்குச் சம்மதம் கிடையாது. அதிர்ஷ்டம் இருந்தால் பிரமாதமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்கக் காத்திருந்தும் அமையாமல் போகலாம். அங்கே நேரத்தை முடிவு செய்வது மந்தையும் மற்ற வண்டிகளும்தான்.

பிப்ரவரியில் மந்தை தெற்கே, ந்டுட்டு பக்கத்துச் சமவெளியில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண் அது. அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம் என்பதால் சினை மாடுகள் ஆண்டுதோறும் அங்கே வந்து சேர்கின்றன. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. கண்ணெட்டும் தூரம் வரை மறைப்பே இல்லாத வெளி. தாய் படுக்கும், எழும், சுற்றும், மறுபடி படுக்கும். கன்று வழுக்கி விழுந்ததும் தாய் நக்கத் தொடங்கும். பின்னங்கால்கள் முதலில் நிமிரும், முன்னால் குப்புற விழும், மறுபடி முயலும். பத்து நிமிடத்துக்குள் அது தாயின் விலாவை ஒட்டித் தத்தித் தத்தி ஓட ஆரம்பித்துவிடும். சற்றுத் தள்ளிக் கழுதைப்புலி ஒன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை கன்றுகள் ஒரே சமயத்தில் பிறப்பதற்குக் காரணமும் அதுதான். எவ்வளவு தின்றாலும் வேட்டை விலங்குகளால் எல்லாவற்றையும் தின்று தீர்க்க முடியாது. சிவிங்கிப்புலி வேட்டையைத் திறந்த வெளியில் பார்க்கவும் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ந்டுட்டு, கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அங்கே பாதையை விட்டு இறங்கி ஓட்டவும் அனுமதி உண்டு.

தான்சானியாவில் பெரும்பாலும் கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸரும் டிரைவர்-கைடும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்வார்கள். முதல் நாள் அருஷா நகரில் வண்டியோடு வரும் அதே மனிதர் கடைசி நாள் வரை கூடவே இருப்பார். அதனால் விடுதியின் நீச்சல் குளத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதைவிட, கைடு எத்தனை வருட அனுபவம் உள்ளவர், வண்டி முழுக்க நமக்கா, வேறு ஆட்களும் வருவார்களா என்று விசாரிப்பது முக்கியம். வண்டி தனியாக நமக்கே என்றால், இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கலாம் என்று நாம் சொல்லலாம். நல்ல கைடு அதைக் கேட்டதும் முகம் மலர்வார். பட்டியலை முடித்துக்கொண்டு ஓடச் சொல்பவர்களையே பார்த்துச் சலித்தவர் அவர்.

நாள் கணக்கில் கறாராக இருங்கள். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுவில் உள்ள செரோனெராவுக்குச் சாலை வழியாகப் போக ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஆறு இரவு இருந்தால் திருப்தியாக இருக்கும். நான்கு நாள்தான் என்றால் தான்சானியாவை விட்டுவிடுங்கள். போகும் வழியில் கோரோங்கோரோ பள்ளம் வரும். சுமார் 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் தரையும் கொண்ட எரிமலைக் குழி. கருப்புக் காண்டாமிருகத்தைத் தூரத்திலாவது பார்க்க வாய்ப்புள்ள இடம். கீழே இறங்க ஒரு வண்டிக்கு வரியோடு 300 டாலரை ஒட்டிக் கட்டணம் ஆகும், தலைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஒரு காலைப்பொழுது போதும். அதே வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கும் இருக்கிறது. மேரி லீக்கி 1959-இல் ஆதிமனித இனத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். சிங்கத்தைப் பார்க்கும் அவசரத்தில் பல வண்டிகள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மசாய் மாரா: நாள் குறைவென்றால்

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அங்கிருந்து சிறிய விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் மாராவுக்குள் இறங்கிவிடலாம். 1,510 சதுர கிலோமீட்டர்தான், செரெங்கெட்டியின் பத்தில் ஒரு பங்கு. தான்சானிய எல்லைக்கு இந்தப் பக்கம், கென்யாவில், செரெங்கெட்டியின் அதே புல்வெளி தொடர்கிறது. சிங்கங்கள் நிறைய. ஒரு வாரம்கூட லீவு கிடைக்காதவர்களுக்கு மாராதான் சரி.

ஆனால் நைரோபியில் விற்கும் 'மூன்று பகல், இரண்டு இரவு' வேன் பேக்கேஜை நான் யாருக்கும் சொல்வதில்லை. முதல் நாளில் பாதி சாலையில் போகும், மூன்றாம் நாளிலும் அப்படியே. நடுவில் முழுதாக ஒரே ஒரு நாள். வேனில் ஏழெட்டுப் பேர், முன்பின் தெரியாதவர்கள். ஒருவருக்குப் பறவை பார்க்க ஆசை, இன்னொருவருக்கு உடனே சிங்கம் வேண்டும். ரேடியோவில் செய்தி வந்ததும் டிரைவர் கிளம்பிவிடுவார். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது விதி. சீசனில் அதைவிட அதிகம் நிற்பதைத்தான் பார்க்கிறோம்.

கட்டணமும் யோசிக்க வைக்கிறது. வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024 முதல் வசூலிக்கிறார்கள். ஆகஸ்டில் ஒரு தம்பதி மூன்று நாள் உள்ளே இருக்க நுழைவுக்கு மட்டுமே 1,200 டாலர் வேண்டும். க்ரூகரில் அதே இருவருக்கு, அதே மூன்று நாளைக்கு ஏறக்குறைய 200 டாலர்தான். செரெங்கெட்டியில் வரியோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 80 டாலரைத் தாண்டும். இவை அடிக்கடி மாறுவதால் பதிவு செய்யும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாராவில் பணம் செலவழிப்பது என்று தீர்மானித்தவர்களுக்கு நான் சொல்வது காப்பகத்தை ஒட்டிய கன்சர்வன்சிகளை: மாரா நார்த், நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி. இவை மசாய் குடும்பங்களின் சொந்த நிலங்கள். முகாம் நடத்துபவர்கள் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து, நில உரிமையாளர்களுக்கு வாடகை தருகிறார்கள். அங்கே தங்குபவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். வண்டிகள் குறைவு, பாதையை விட்டு இறங்கலாம், இரவிலும் போகலாம், நடக்கவும் செய்யலாம். விலங்கு இருந்தால் அந்த ஊர்க்காரருக்கு மாதாமாதம் வருமானம் வரும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வேனில் ஏழெட்டுப் பேர் கூட்டத்தோடு காப்பகத்தில் மூன்று நாள் இருப்பதைவிட, இங்கே இரண்டு நாள் இருப்பது மேல்.

மற்றவை, சுருக்கமாக

நமீபியாவின் எடோஷாவிலும் நாமே கார் ஓட்டலாம். ஒகாகுவேயோ முகாமில் இரவில் விளக்கு போட்ட நீர்நிலையின் முன்னால் உட்கார்ந்தால் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும். இரண்டாவது பயணத்துக்கு அருமையான இடம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ அழகின் உச்சம், விலையும் உச்சம். காலால் நடந்தே காட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா.

ஊசி, மாத்திரை

மூன்று இடங்களிலுமே மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதால் மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள். ரொம்பச் சின்னக் குழந்தை இருந்தால் தென்னாப்பிரிக்காவில் மலேரியா இல்லாத பிலானஸ்பர்க்கும் அட்டோ யானைப் பூங்காவும் இருக்கின்றன. பிலானஸ்பர்க் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்த அழைத்துப் போய்விடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் நைரோபியில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தாலும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதென்று நீண்ட டிரான்சிட் எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

நான் சொல்லும் வரிசை

பெற்றோர், பிள்ளைகள், மே மாத லீவு, வீட்டில் ஒருவருக்காவது நன்றாகக் கார் ஓட்டத் தெரியும்: க்ரூகர், வேறு யோசனையே வேண்டாம். தெற்குப் பகுதியில் இரண்டு முகாம்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. முகாம் அறைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே பதிவு திறந்துவிடும், லோயர் சாபி முதலில் நிரம்பும். அதனால் அறையை உறுதி செய்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.

கணவனும் மனைவியும் மட்டும், அல்லது நான்கு நண்பர்கள், பிப்ரவரியில் பத்து நாள் ஒதுக்க முடியும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போவோம்: தெற்கு செரெங்கெட்டி, தனி வண்டியோடு. நான்கு பேர் என்றால் வண்டி வாடகை பங்காகிச் செலவு தாங்கும் அளவுக்கு வந்துவிடும்.

ஐந்து நாள்தான் லீவு: மாரா கன்சர்வன்சி, போக வர விமானம்.

தான்சானியாவுக்கோ கென்யாவுக்கோ முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை உண்டா? பூங்காக் கட்டணம் முழுவதும் விலையில் அடங்கியதா, எந்தத் தேதிக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்? ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவோம் என்று வரம்பு ஏதாவது இருக்கிறதா? மலிவான பேக்கேஜ்கள் சிலவற்றில் இந்தக் கிலோமீட்டர் வரம்பு இருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க மதியமே முகாமுக்குத் திருப்பிவிடுவார்கள். அப்படி ஒரு வரம்பு இருந்தால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.